ஞானம்மா குடித்த ஆறு டம்ளர் பால்

ஞானம்மா அக்காவைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் ஓயாது. உவரிக் கடற்கரைக்காரி. புருஷன் போனதும் மகளை ஊரில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, ஒரகடத்துக்கு வந்து எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவான பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்தவள். ஆள் குறைந்த நாட்களில் அப்பாவோடு நின்று கரைவலை இழுத்து உரமேறிய கை! அதனால்தான் 2004 ஆண்டு விழாவில், கயிறு இழுக்கும் போட்டிக்குக் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவளாக அவளைப் போட்டோம். மூன்று வருடமாக எங்களைத் தோற்கடித்த தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்காரிகளை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

பெயிண்ட் வாடைக்கு நல்லதென்று ஷிப்டுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள். ஏடு மிதக்கும் அந்தப் பாலைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். "நீ குட்ச்சுடுக்கா. தெம்பா இருந்தாத்தான கயிறு இழுப்ப" என்று அவள் பக்கம் தள்ளினேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் தள்ளினார்கள்.

"ஏட்டி அம்சவல்லி, பால வீணாக்கலாமா?" என்று ஆறு டம்ளரையும் முடிப்பாள். போதாததற்கு, எலும்புக்கு நல்லதென்று யாரோ சொன்ன கால்சியம் மாத்திரை மூன்று வேளை. அறைக்குப் போனால் வெற்றிலையில் அப்பிய சுண்ணாம்பு வேறு.

போட்டி நெருங்க நெருங்க அவளுக்குத் தீராத தாகம், வாந்தி, நெஞ்சில் படபடப்பு. சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். திட்டி இழுத்துக்கொண்டு படப்பை டாக்டரிடம் போனேன். சர்க்கரை இல்லை. டாக்டர் நாடியைப் பிடித்தபடி யோசித்து, கால்சியமும் பார்க்க ரத்தம் எடுத்தார். ரிசல்ட் ஞாயிற்றுக்கிழமை என்றார். போட்டியும் அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் ரகுபதியை ரிசல்ட் வாங்க அனுப்பிவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். என்ன கூட்டம், என்ன கூச்சல்! அக்கா கயிற்றைச் சுற்றிக்கொண்டாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ரகுபதியின் வண்டி மைதானத்துக்குள்ளேயே பாய்ந்து வந்தது.

"ஏய் வள்ளி! அக்காவ இழுக்க வுடாத! ரத்தத்துல கால்சியம் பதினாலு கீதாம்! பத்தரைய தாண்டவே கூடாதாம்! இதயம் நின்னாலும் நின்னுடுமாம், டாக்டர் உடனே இட்டார சொன்னாரு!"

"கயித்த அவுருக்கா!" என்று கத்தினேன்.

"அட போ ஏட்டி! இழுத்துட்டு வாரேன்."

"உன் பொண்ணுக்கு யாரு இருக்கா? நீ செத்து நாங்க கப்பு வாங்கணுமா?"

மகள் பேச்சை எடுத்ததும் அவள் முகம் மாறியது. கயிற்றை நானே அவிழ்த்தேன்.

ஈசிஜி எடுத்து, சொட்டுச் சொட்டாக சலைன் ஏற்றிக்கொண்டே டாக்டர் விளக்கினார். கால்சியம் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் ரத்தத்தில் அளவு மீறினால் இதயத்தின் துடிப்பே தப்பிவிடும், சிறுநீரகமும் கெடும். பிறகு கேட்டார்: "பால் எவ்வளவு குடிப்பீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை, மகராசி! நான்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பாலும் மாத்திரையும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்த வேலையாம்.

"செயிச்சமாட்டி?" என்று அவள் கேட்டது அதற்கப்புறம்தான்.

"தோத்துட்டோங்கா."

"போவட்டும், அடுத்த வருசம் பாப்பம்."

மூன்றாம் வாரம் கால்சியம் பத்துக்கு இறங்கி, அவள் ஷிப்டுக்கு வந்தாள்! லைனே கை தட்டியது. டாக்டர் சொன்னபடி மாத்திரை, சுண்ணாம்பு எல்லாவற்றையும் விட்டிருந்தாள். இடைவேளையில் பால் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரவர் பாலை அவரவர் குடித்தோம். அக்கா தன் டம்ளரை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு ஆவாதுல்லா. நீ குடிட்டி. அடுத்த வருசம் கயித்த நீதான் சுத்தணும்."

ஏடு மிதந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.