கிரீஸ் போட்ட பிளேயர்

மரக்காணத்தில் இரும்பு எதுவும் உருப்படாது. பூட்டு, சைக்கிள் செயின், டார்ச் லைட்டின் ஸ்பிரிங், எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிரீஸ் டப்பாவும் இருக்கும்.

2005-இல் துபாயிலிருந்த என் கணவர், ஊருக்கு வந்த கூனிமேட்டு நண்பரிடம் ஒரு எம்.பி.த்ரீ பிளேயர் கொடுத்தனுப்பினார். ரொம்ப ஒசத்தியாம். அதைச் செய்த மகராசன்களுக்குச் சுவரில் பிளக் என்று ஒன்று இருப்பதே தெரியாது போல. கம்ப்யூட்டரில் செருகினால்தான் சார்ஜ் ஏறும். பேட்டரியைக் கழற்றி மாற்ற வழியில்லை. சார்ஜ் ஏறும்போது வாயே திறக்காது. போதாக்குறைக்கு, எதைப் போட்டாலும் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலி சேர்த்துக் கொடுக்கும். அதற்கே பாதி சார்ஜ் போய்விடும். அதை நிறுத்தும் வித்தையை எங்கே ஒளித்துவைத்தார்களோ!

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். "ஏம்மா, நெட்டு பார்க்க வர்றவங்க நிக்கிறாங்க பாரு" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டதால் அரைகுறை சார்ஜிலேயே கிளம்பினேன்.

எனக்குப் பாட்டா முக்கியம்? அவர் அதில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். கல்யாணமானதிலிருந்து லீவுக்கு மட்டுமே வந்துபோகிற மனுஷன். இனியாவது ஊரோடு இருக்கமாட்டாரா என்பதுதான் என் ஒரே ஏக்கம். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "வீட்டு நினைப்பாவே இருக்குது. ரொம்ப நாளா ஒண்ணு யோசிக்கிறேன். நீ சரின்னு சொன்னா, நான்..." என்றார். அதோடு பிளேயர் அணைந்துவிட்டது.

மறுநாள் சார்ஜ் போடக் கிளம்பும்போது செருகும் இடத்தைப் பார்த்தேன். உள்ளே பொடிப்பொடியாகத் தகடுகள். உப்புக்காற்று பட்டால் அவர் குரலும் சேர்ந்து போய்விடுமே என்று பயம். நன்றாக அழுத்தி கிரீஸ் வைத்தேன். கம்ப்யூட்டர் அதைச் சீந்தவே இல்லை. கடைக்காரர் வயரை முகர்ந்து பார்த்து, "இன்னாம்மா இது, மாட்டு வண்டிக்குப் போடுறதா?" என்றார்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு போனில் அவர் கூப்பிட்டார். "நான் பேசினதைக் கேட்டியா? உனக்குச் சம்மதம்தானே?"

கிரீஸ் கதையைச் சொன்னால் மானம் போகும். வீட்டு நினைப்பாகவே இருக்கிறவர் வேறெதை யோசித்திருப்பார்?

"சம்மதம்தாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். "அப்படியா? சரி" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் வந்தார். அவர் துணிமணிக்கு பீரோவில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தேன். கையில் ஒரு சின்னப் பை மட்டும்.

"இன்னாங்க, சாமானெல்லாம் எங்க?"

"ஒரு மாச லீவுக்கு இது போதாதா? இன்னும் மூணு வருஷம் காண்ட்ராக்ட் போடட்டுமான்னு அதுல கேட்டேனே. நீ வேணாம்னு சொல்லுவே, வந்துடலாம்னுதான் இருந்தேன். நீ சந்தோஷம்னு சொல்லிட்டே."

பீரோவின் காலித் தட்டில் அந்தச் சின்னப் பையை வைத்தேன்.