எதிரெதிர் பெஞ்சுகள்

தலைமையாசிரியைக்கு முழங்கால் தேய்ந்து பல வருஷம் ஆகிறது. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணவர், "வலிக்குதா?" என்பார். "பழகிடுச்சுங்க" என்பார் இவர். அதற்கு மேல் பேசத் தெம்பு இருக்காது.

மேலிடத்தில் யாருக்கோ தூக்கம் வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுத் திட்டம் வரும். இந்த வருஷம் 'மாணவரே மையம்'. பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசிப் படிக்கட்டும் என்று, நடுவில் மேஜை வைத்துப் பெஞ்சுகளை எதிரெதிராகப் போடச் சொன்னார் தலைமையாசிரியை. தினமும் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று, "எப்படி இருக்கு பிள்ளைங்களா?" என்பார். "நல்லா இருக்கு மிஸ்!" என்று கூரை அதிரும். அடுத்த வகுப்புக்கு நகர்ந்துவிடுவார்.

நேற்று நான்காம் வகுப்புக்குள் கால் வைத்ததும் முழங்கால் மடங்கியது. கைக்கு எட்டிய பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கரும்பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

பக்கத்துச் சிறுமியிடம், "போர்டைப் பார்த்து எப்படிடி எழுதுறே?" என்றார்.

"திரும்பித் திரும்பிப் பார்ப்பேன் மிஸ். முடியலைன்னா எதிர்ல இருக்கிறவ நோட்டைத் தலைகீழாப் பார்த்து எழுதிடுவேன்."

"ஏன்டி சொல்லலை? தினமும் வந்து கேக்குறேனே!"

"கேட்டுட்டு உடனே போயிடுவீங்களே மிஸ்."

தலைமையாசிரியை தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கழுத்து வலிக்கலையா?"

"பழகிடுச்சு மிஸ்."

அதைச் சொல்கிற வயசா அது? மேஜையை ஊன்றி எழுந்த தலைமையாசிரியை, குனிந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் நீ தூக்கும்மா" என்றார்.