வெளியே நிற்கிற வேலை

எனக்கு உயரம் என்றால் பயம். எமிரேட்ஸில், ருவைஸ் எண்ணெய் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன் இதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள். நல்லவேளையாக என்னுடையது ஏறுகிற வேலை இல்லை. நான் ஹோல் வாட்ச். பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் சமயத்தில் வீடு உயரத்துக்கு இருக்கும் இரும்புத் தொட்டிகளைத் திறந்து, ஆட்கள் ஒரு துளை வழியாக உள்ளே இறங்கிச் சுத்தம் செய்வார்கள். அந்தத் துளைக்கு வெளியே நிற்பவன் நான். உள்ளே போகிறவன் தன் கார்டை என்னிடம் கொடுப்பான், நான் போர்டில் மாட்டுவேன். வெளியே வந்ததும் அவனே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கார்டு போர்டில் தொங்குகிறவரை ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்று கணக்கு.

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே ஒருவன் வாயு தாக்கி மயங்கி விழுந்தாலும் ஹோல் வாட்ச் இறங்கக் கூடாது. இறங்கினால் அவனும் சேர்ந்து விழுவான். ரேடியோவில் ஆளைக் கூப்பிட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒருமுறை அப்படி நின்றேன். மீட்பு ஆட்கள் வந்து, விழுந்தவரை உயிரோடு தூக்கினார்கள். எனக்கு ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டிவைத்தாள்.

அவளுக்குப் பழைய கல் ஊர்கள் மேல் பைத்தியம். மலை உச்சியில் இன்கா ஜனங்கள் கட்டிய ஊரைப் பற்றி எந்த வீடியோ வந்தாலும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். "ஒரு தடவையாச்சும் பெருவுக்குப் போயிட்டு வரணுங்க" என்பாள். அவ்வளவு நாள் லீவு கிடைக்காது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். போன பெருநாள் லீவுக்கு முன்னால், ஓமன் மலையில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். செங்குத்துப் பாறையின் நடுவில் ஒட்டவைத்தது போலப் பழைய கல் வீடுகள். ஆட்கள் விட்டுப் போய் எத்தனையோ காலம். நம் காரிலேயே போய்விடலாம். எனக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

காலையில் நடக்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் பாதை அகலமாகத்தான் இருந்தது. வலப் பக்கம் பாறைச் சுவர், இடப் பக்கம் பள்ளத்தாக்கு. நான் சுவரை உரசிக்கொண்டே நடந்ததில் சட்டைத் தோள் முழுக்க வெள்ளைத் தூசி. கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பார்த்தேன். அடியில் பேரீச்ச மரங்கள் கொத்தமல்லித் தழை மாதிரி தெரிந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளோ எதிரே வந்த ஆடுகளிடம் பேசிக்கொண்டு முன்னால் போனாள்.

ஒரு வளைவில் பாதை ஒரு முழத்துக்குச் சுருங்கியது. வளைவுக்கு அப்பால் ஒரு கல் வீட்டின் சுவர் முனை தெரிந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"நீ போயிட்டு வா. நான் இங்க நிக்கிறேன்" என்றேன்.

"ஏங்க, இம்புட்டு தூரம் வந்துட்டு?"

"யாராச்சும் ஒரு ஆள் வெளிய நிக்கணும்ல. அதான் சேஃப்டி."

அவள் சிரித்தாள். என் பயம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும். பையிலிருந்து தன் எமிரேட்ஸ் ஐடி கார்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "இந்தாங்க, போர்டுல மாட்டிக்கங்க. ஆள் உள்ள போறேன்" என்று சொல்லி, பாறையைப் பிடித்துக்கொண்டு வளைவில் மறைந்தாள்.

கால் மணி நேரம் ஆனது. போட்டோ எடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி ஆனபோது கற்கள் சரியும் சத்தம். அதன் பின்னாலேயே அவள் குரல்.

"என்னங்க!"

சற்றுப் பொறுத்து மறுபடியும். "என்னங்க, இங்க வாங்களேன்!" இரண்டாவது குரல் நடுங்கியது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போனேன். போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. மண்டியிட்டு, கைகளை ஊன்றி, ஒரு ஆள் நீளம் போயிருப்பேன். முழங்கால் பட்டு ஒரு கல் விளிம்பைத் தாண்டி விழுந்தது. அது தரையில் படும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. அப்படியே பின்பக்கமாக ஊர்ந்து பழைய இடத்துக்கு வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது விதி ஞாபகம் வந்தது. வந்தது என்பது பொய், நானே தேடிப் பிடித்தேன். போகிறவனும் சேர்ந்து விழுவான். சரி, ஆனால் இங்கே கூப்பிடுவதற்கு யார் இருக்கிறார்கள்? என்னிடம் ரேடியோ இல்லை, போனில் டவர் இல்லை, அந்தப் பாதையில் வேறு மனிதரே இல்லை. பதிலுக்கு ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம். அதையும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று ஆகிவிடும்.

மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அம்மா விழுந்தபோது நீங்க எங்கப்பா இருந்தீங்க என்று அவள் கேட்பாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நின்றேனே தவிர, கால் நகரவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ வளைவில் முதலில் ஒரு செருப்பு தெரிந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது, உள்ளங்கை கிழிந்திருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் பாறையைப் பிடித்து எழுந்தாள்.

"கூப்பிட்டனே, கேக்கலையா?"

"காத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவளுடைய துப்பட்டாவின் நுனிகூட அசையவில்லை. "சரி, வாங்க போவோம்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் நொண்டிக்கொண்டே வந்தாள். காரில் தண்ணீர் மட்டும் கேட்டாள். அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று நான் கேட்கவில்லை. எல்லையில் வரிசை நகர்ந்து எங்கள் கார் கவுன்டருக்கு வந்தபோது, உள்ளே இருந்தவர் கார்டு கேட்டார். சட்டைப் பையில் கை விட்டேன். இரண்டு கார்டுகள் வந்தன. வெளியே வந்ததும் கேட்டு வாங்க வேண்டியதை அவள் வாங்கவே இல்லை.

"உன் கார்டு. வாங்க மறந்துட்டியே" என்று நீட்டினேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்கலங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இன்னும் வெளிய வரல."

கவுன்டரில் இருந்தவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். நான் இரண்டு கார்டுகளையும் அவரிடம் நீட்டினேன்.