பயந்துகொண்டே பேசியவர்

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது கைப்பேசி அடித்தது. வக்கீல் நூர்ஜஹானின் தம்பி. "அக்கா மௌத்தாயிட்டாக பஷீரு. பள்ளிவாசல் ஜமாஅத்துல சொல்லணும். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, வாரியா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மையவாடியில் அவரை அடக்கம் செய்ய இடம் கொடுப்பார்களா?

காரைக்குடி நீதிமன்றத்தில் சக வக்கீலாக அவரோடு பழகிய உங்களுக்கு அந்தப் பயம் புரியும். அவரிடம் வழக்குக்கு வந்த தேவகோட்டை சமீமாவுக்கு அவள் கணவன் வெளிநாட்டிலிருந்து கைப்பேசியிலேயே தலாக் சொல்லி அனுப்பினான். மண முறிவை உறுதிசெய்து ஜமாஅத்தில் கடிதம் கொடுக்க இருந்தார்கள். அக்கா முறையில் ராத்தா என்று நான் கூப்பிடும் என் சீனியர் நூர்ஜஹான் அங்கே நேரே போய் நின்றார்.

"அந்தப் புள்ளையக் கூப்பிட்டுக் கேட்டீகளா? ஒரு பக்கத்த மட்டும் கேட்டு எழுதுனா அது நாட்டுச் சட்டத்துக்கும் ஆகாது, ஷரீஅத்துக்கும் ஆகாது."

கடிதம் நின்றது. ஆனால் அந்தக் கணவனின் சிறிய தந்தை ஜமாஅத் நிர்வாகத்தில் இருந்தார். "நாளைக்குச் செத்தா உங்க மையத்து இந்தப் பள்ளிவாசலுக்கு வராதா? அப்பப் பாத்துக்கிறோம்" என்றார்.

ராத்தாவை அஞ்சாதவர் என்று நீங்கள் இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். தவறு. அன்று உள்ளே போகுமுன் தம் பையை என்னிடம் நீட்டினார். விரல்கள் பட்டன, ஐஸ் மாதிரி இருந்தன. திரும்பிவிடலாம் என்றேன். "உன் கோட்டுக்குள்ள ஆளு இருக்கா இல்லையா பஷீரு? எனக்கும்தான் பயமா இருக்கு. பயந்துக்கிட்டே பேசிருவோம், வா" என்றார்.

பிறகு ஜமாஅத் தலைவர் ஹாஜியார் மீதே ஒரு புகார் கிளம்பியது. அவரை விசாரிக்காமலே நீக்கத் துடித்தார்கள். ராத்தா அவருக்காகப் போய் வாதாடினார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சமீமா விஷயத்தில் நம்மை விரட்டப் பார்த்தவருக்கா என்று கேட்டேன். "அவுகளையும் கேக்கணும். நமக்கு வேண்டியவுகளுக்கு மட்டும்னா அதுக்குப் பேரு சட்டமா?" என்றார்.

பதவி தப்பிய அதே ஹாஜியார் முன்னால்தான் நானும் அவர் தம்பியும் போய் நின்றோம். கணவனின் சிறிய தந்தை எழுந்து, ஜமாஅத்தை அவமதித்த பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்றார். நான் ராத்தாவின் தம்பிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நீங்க சொல்றீக. பதில் சொல்ல அந்தம்மா எந்திரிச்சு வரமுடியுமா? ஒரு பக்கத்த மட்டும் கேட்டு முடிவு எழுதக் கூடாதுன்னு அவுகதானே இங்க நின்னு சொன்னாக? குழி வெட்டச் சொல்லுங்க" என்றார்.

மாலை அசர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. மூன்று பிடி மண் போட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வரும் செவ்வாய்க்கிழமை ஜமாஅத்தில் அந்தத் தலாக் பற்றிச் சமீமாவை விசாரிக்கிறார்கள். அந்தச் சிறிய தந்தையும் எதிரே உட்கார்ந்திருப்பார். இனி ராத்தா இடத்தில் நான்தான் போகவேண்டும்.

நேற்று சமீமா கூப்பிட்டாள். "வருவீகள்லண்ணே? எனக்குப் பயமா இருக்கு."

ராத்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு பேச்சுதான். அதையே அவளிடம் சொன்னேன்.

"எனக்கும்தான்மா. பயந்துக்கிட்டே பேசிருவோம், வா."