உப்புப் போட்ட ஜப்பான் தேத்தண்ணி

சண்டை முடிந்த வருடத்து நோன்பில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த நான்கு பேரும் நானும் முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் நோன்பு திறப்பது என்று முடிவெடுத்தோம். முந்திய வருடமென்றால் நடந்திருக்காது. பின்னேரம் பஸ் ஏறினால் சோதனைச் சாவடியில் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்து, திரும்ப ஏற்றுவதற்குள் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிடுவார்கள். இப்போது இறங்கத் தேவையில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒருத்தியின் வாப்பா தன் வான் வண்டியில் வந்து எல்லோரையும் வீடுகளில் விட்டுவிடுவார்.

அவர்களில் மூவருக்கு வாப்பா ஆசிரியர். நாலாமவளுக்கு வாப்பாவும் உம்மாவும் ஆசிரியர்கள். என் வாப்பா கரைவலை இழுக்கிறவர். உம்மாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. எனக்கு மூத்த ராத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் சோதனை எழுதி மேலே போன முதல் ஆள் நான்தான். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

என் முறைக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த நாலாமவள் கேட்டாள்.

"உங்கட வீட்ட என்ன தருவீங்க? மீன் கஞ்சியா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, சிறு சிரிப்புத்தான். அதுதான் எனக்கு ஆகாது.

"இல்ல. ஜப்பான் தேத்தண்ணி," என்றேன். "பபுள் டீ எண்டு சொல்றது. நீங்க குடிச்சிருக்க மாட்டீங்க."

பொய் சொல்லவில்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்தன. அவற்றைச் சோதிக்க வந்த ஒரு ஜப்பான் பெண்ணுக்கு விடுமுறையில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஊரை விட்டுப் போவதற்கு முன் அவர் தன் அறையில் எனக்கு அந்தப் பானத்தைச் செய்து தந்தார். வறுத்த பச்சைத் தேயிலையின் சாயத்தில் பாலும் சீனியும் ஐஸும் போட்டு, அடியில் கறுப்புக் கறுப்பாக மெத்தென்ற உருண்டைகள். பிறகு அந்தத் தேயிலையில் ஒரு பைக்கற்றையும், செய்முறை எழுதிய தாளையும் தந்துவிட்டுப் போனார். பைக்கற்றைத் திறந்தால் அடுப்பில் அரிசி வறுக்கும் வாசம் வரும். நான் அதைத் திறந்து மணப்பதோடு சரி, செய்து பார்த்ததில்லை.

முதலில் சவ்வரிசியில் முயன்றேன். அது கரைந்து கூழாகிவிட்டது.

"இது சவ்வரிசிக் கஞ்சிதானே," என்றார் உம்மா. "இதுக்கு ஜப்பானுக்கா போகணும்?"

பிறகு தாளில் இருந்தபடி மரவள்ளிக் கிழங்கைத் திருவி, சீலையில் பிழிந்து, மாவை அடைய விட்டேன். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். மா வெள்ளையாகும் வரை அப்படிச் செய்யும்படி எழுதியிருந்தது. நான் ஐந்து தடவை செய்தேன். வெயிலில் காயவைத்து, அன்று காலையில் சீனிப் பாகைக் கறுக்கக் காய்ச்சி, சுடச் சுட ஊற்றிப் பிசைந்தேன். ஒன்று விரலில் ஒட்டியது, இல்லையென்றால் வெடித்து உதிர்ந்தது. மத்தியானம் லுஹருக்கு உட்கார்ந்தவள் பின்னேரம் அஸர் வரை உருட்டினேன். நாக்கு வறண்டு, முதுகு பிடித்து, நூறு உருண்டை தேறியிருக்காது. அவையும் ஒன்றைப்போல ஒன்று இல்லை.

ராத்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"ஆட்டுப் புழுக்க மாதிரி இரிக்கி," என்றார். "இத என்னத்தால உறிஞ்சுற?"

"பெரிய குழாய் வேணும். இஞ்ச கிடைக்காது. கரண்டி வைக்கப்போறன்."

"பப்பாசித் தண்டு வெட்டித் தரட்டா? சின்ன வயசுல அதாலதானே ஊதித் திரிஞ்ச."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினேன்.

தேயிலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் தண்ணீர்ப் பீப்பாயான நீலப் பரலின் அடி தெரிந்தது. குடிதண்ணீர் பவுசர் லொறியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். நான் மா கழுவியது முழுவதும் அந்தத் தண்ணீரில். மிச்சமாக இருந்த ஒரு குடத்துக்கு முன்னால் உம்மா நின்றார்.

"இதுல தொடாத. கஞ்சிக்கும், வாற புள்ளைகள் நோன்பு திறக்கிறதுக்கும் வெச்சிரிக்கன்."

"அப்ப கிணத்துல அள்ளுறன்."

"அந்தத் தண்ணி வேணாம் மகள். ரெண்டு கிழமையா உடுப்புக்குப் போட்டா சவுக்காரம் நுரைக்குதில்ல."

நான் குசினிக் கதவைக் காட்டினேன். அதன் உட்புறம் மாரி மழைக் காலத்திலிருந்து ஒரு அட்டை ஒட்டியிருந்தது. எங்கள் கிணற்றைச் சோதித்த முடிவை ஜப்பான் பெண் ஆங்கிலத்தில் எழுதித் தர, நான் தமிழில் எழுதியது. 'இக்கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்தது.' பெரிய, வடிவான எழுத்து. அந்த அட்டை ஒட்டிய பிறகும் உம்மா பவுசருக்குத்தான் குடம் தூக்கினார். அந்த எரிச்சல் எனக்கு மாதக்கணக்காக இருந்தது.

"அங்க எழுதி ஒட்டியிருக்கு உம்மா. மிஷினால பாத்தது."

"கடதாசிக்கு என்ன, அது தண்ணி குடிக்கிறதில்லயே," என்றுவிட்டுக் கஞ்சியைக் கிளறப் போனார்.

நான் கிணற்றில் அள்ளினேன். அந்தத் தண்ணீரில் உருண்டைகளை அவித்தேன், தேயிலையை ஊறவைத்தேன், பால்மாவைக் கரைத்தேன். நிறம் சரியாக வந்தது. வாசமும் அதேதான். உருண்டைகளும் உடையவில்லை. அன்று முழுவதிலும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

ராத்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு நோன்பு இல்லத்தானே. ஒரு சொட்டு வெச்சுப் பாக்கட்டா?"

நோன்பு மாதத்தில் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். நோன்பில்லாத ஒருவர் இருந்தால் உப்புப் புளி பார்ப்பது அவர்தான். உம்மாவின் கஞ்சியையும் ராத்தாதான் பார்த்திருந்தார்.

"வேணாம் ராத்தா," என்றேன். "இந்த ருசி உங்களுக்குத் தெரியாது."

அவர் சட்டியை விட்டு விலகினார். பிறகு பிள்ளையைத் தட்டிக்கொண்டே அறைக்குள் போய்விட்டார்.

நால்வரும் வந்தார்கள். வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பாய் விரித்து உட்கார வைத்தேன். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் தின்று, உம்மா காத்து வைத்திருந்த தண்ணீரைக் குடித்தோம். அடுத்த வீட்டுப் பிரிஜ்ஜில் வாங்கிய ஐஸைப் போட்டுக் கண்ணாடிக் கோப்பைகளை நானே கொண்டுவந்து வைத்தேன். உருண்டைகள் அடியில் கிடந்தன, மேலே மண்ணிறத்தில் பால். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"வாசம் நல்லா இரிக்கி," என்று ஒருத்தி சொன்னாள்.

குடித்தார்கள். ஒருத்தி கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். இன்னொருத்தி வாயில் வைத்ததை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். நான் என் கோப்பையை எடுத்துக் குடித்தேன். உப்பு. சீனிக்குள் உப்பு, பாலுக்குள் உப்பு. உருண்டையைக் கடித்தால் அதற்குள்ளும் உப்பு.

அந்த வாயோடுதான் எனக்கு அது நினைவு வந்தது. ஜப்பான் பெண் கிணற்றைச் சோதித்து எழுதித் தந்த தாளில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது: கோடையில் மறுபடி சோதிக்க வேண்டும். என் எழுத்துப் பெரிது. அட்டையில் இடம் போதவில்லை. அந்த வரியை விட்டுவிட்டேன். எங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அந்த வீதியில் எத்தனை அட்டை எழுதினேனோ அத்தனைக்கும்.

நாலாமவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஜப்பான்ல உப்புப் போட்டுத்தான் குடிப்பாங்களா?"

அவள் நக்கலாகக் கேட்டிருந்தால் கோபத்தில் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஒரு பாடக் கேள்வியைப் போலத்தான் கேட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் உம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது.

"ஓம்," என்றேன். "அங்க இப்பிடித்தான். எனக்கு நல்ல விருப்பம்."

சொன்ன பிறகு குடிக்காமல் இருக்க முடியுமா? முழுக் கோப்பையையும் குடித்தேன், அடியில் கிடந்த உருண்டைகளையும் கரண்டியால் அள்ளித் தின்றேன். அவர்கள் மரியாதைக்குப் பாதி வரை போனார்கள். பிறகு உம்மா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். மீன் இல்லை, இறைச்சி போட்டது. நால்வரும் இரண்டாம் கோப்பை வாங்கிக் குடித்தார்கள். நாலாமவள் செய்முறை கேட்டாள். உம்மா வெட்கத்தோடு சொல்லிக் கொடுக்க, அவள் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள். என் தேத்தண்ணியின் செய்முறையை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு ராத்தா கோப்பைகளைக் கழுவ எடுத்தார். ஒன்றில் மிச்சமிருந்ததை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஓம் புள்ள," என்றார், "இந்த ருசி எனக்குத் தெரியாதுதான்."

அடுத்த நாள் அட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிறகு மற்ற வீடுகளுக்கும் போய், ஒவ்வொரு அட்டையிலும் விடுபட்ட வரியைச் சிறிய எழுத்தில் எழுதினேன். போன வீடுகளிலெல்லாம் ஒரே பதில்தான்: "அது எங்களுக்குத் தெரியும் மகள், இந்தத் தண்ணிய ஆர் குடிக்கிற?" அட்டையை நம்பிக் குடித்தது நான் மட்டும்தான்.

பெருநாளுக்கு அடுத்த கிழமை நாலாமவள் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். தட்டில் தேத்தண்ணி வந்தது. நான்கு கோப்பைகள் ஒன்றாக இருந்தன. ஐந்தாவது தனியாக, பூப்போட்ட தட்டில். அதை அவளே எடுத்து என் கையில் தந்தாள்.

"இது உங்களுக்கு. உங்களுக்கு விருப்பம் எண்டு உப்புப் போட்டிருக்கன்."

நக்கலா என்று அவள் முகத்தைத் தேடினேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. கதவடியில் நின்ற அவளுடைய உம்மாவும் சிரித்த முகமாகச் சொன்னார்:

"ஜப்பான்ல இப்பிடித்தானாமே மகள். நான் என்ட வகுப்புப் புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்திட்டன்."

அவர் பெரிய வகுப்பில் படிப்பிக்கிறவர். நாற்பது பிள்ளைகளாவது கொப்பியில் எழுதியிருக்கும். இல்லை என்று சொல்ல அதுதான் கடைசி இடம். எனக்கு வாய் திறந்தது, ஆனால் கோப்பைக்குத்தான் திறந்தது. அடியில் கரையாத உப்பு கிடந்தது. அதையும் குடித்தேன்.

"அளவு சரியா?" என்று கேட்டாள்.

"சரி," என்றேன்.