மிஸி வாசித்த சீட்டு

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் தூசி படியாத ஒரு வட்டம் இருக்கிறது. இரண்டு வருடமாக அங்கே இருந்த பிஸ்கற் பேணி போன மாதம் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. யாரோ ஒருவர் நத்தார்ப் பண்டிகைக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பேணி அது. மூடியில் பனி கொட்டும் ஊர் ஒன்று, இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டி, வண்டிக்காரனின் தொப்பிக்கு மேலே உளியால் வெட்டிய நீளமான துவாரம். அதற்குள் சீட்டைப் போடும்போது விரலைக் கவனமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறிவிடும். ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கீறல் பட்டிருக்கிறது. மனைவி அந்த வட்டத்தைத் துடைக்கப் போனபோது, கிடக்கட்டும் என்று தடுத்தேன். அவள் துணியோடு கீழ்த்தட்டுக்குப் போனாள்.

பேணியைத் தந்தவர் மிஸி. ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். முப்பது வருடத்துக்கு மேல் வார்டுகளில் நின்றுவிட்டு, ஓய்வுபெற்றதும் தன் தகப்பனின் வீட்டு வளவுக்கே வந்து சேர்ந்தவர். சைவக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊரில் அவருடையது மெதடிஸ்த குடும்பம். ஞாயிறு காலையில் வெள்ளைச் சேலையோடு சைக்கிளில் தேவாலயத்துக்குப் போவார், திரும்பி வரும்போது வைரவர் கோவில் வாசலில் நின்று பொங்கல் வாங்கிக்கொண்டு வருவார். கடல்நீர் ஏறும் தொண்டைமானாற்றை அண்டிய ஊர் என்பதால் எங்கள் கிணறுகளெல்லாம் உவர். நல்லதண்ணீர் ஊறுவது கோவில் வளவுக் கிணற்றில் மட்டும்தான். அதிலிருந்து ஊரின் நான்கு ஒழுங்கைத் தெருக்களுக்கும் குழாயில் தண்ணீர் விடுவதற்காக அமைத்ததே எங்கள் நல்லதண்ணீர்ச் சங்கம். மிஸி தலைவர், நான் செயலாளர். அரசாங்கக் கந்தோரில் லிகிதர், அதாவது கிளாக்கர், வேலை பார்த்தவன் என்பதால் கூட்ட அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்த வேலை.

மிஸி வருவதற்கு முன் எங்கள் கூட்டங்களில் கையுயர்த்தித்தான் வாக்களிப்போம். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் எதையாவது முன்மொழிவார், அவருடைய மச்சான் வழிமொழிவார், எல்லாக் கைகளும் மேலே போகும். நான் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதுவேன். கூட்டம் முடிந்து ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறக்கும். மிஸி முதல் கூட்டத்தை ஒரு மூலையில் இருந்து பார்த்தார். இரண்டாவது கூட்டத்துக்குப் பேணியோடு வந்தார். "கையைத் தூக்கச் சொன்னா ஆக்கள் பக்கத்து ஆளைப் பாத்துத்தான் தூக்குவினம். இதுக்குள்ளை போடுங்கோ. பேணிக்குக் கண் இல்லை" என்றார். மூடியைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரரை ஒட்டி, அதன்மேல் இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கினார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அதே பக்குவம். எண்ணி முடிந்ததும் சீட்டுகளை எல்லோர் முன்னாலும் கிணற்றடியில் எரித்துவிடுவார். யார் எதைப் போட்டார்கள் என்பது அந்தச் சாம்பலோடு போய்விடும்.

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருடம். சங்கத்தின் நீரிறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆகையால் மிஸியும் நானும் கேனோடு எத்தனையோ பகல்களை வரிசையில் கழித்தோம். இந்த நாட்டுக்கு எந்த ஆட்சி சரிவரும் என்று அந்த வரிசையில் பேசாதவர் யாருமில்லை. ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்பார் ஒருவர். பாராளுமன்றத்தையே இழுத்துப் பூட்ட வேண்டும் என்பார் அவருக்குப் பின்னால் நிற்பவர். அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சமஷ்டி வந்திருந்தால் இந்த வரிசையே வந்திராது என்று ஒரு வாத்தியார் தினமும் சொல்வார். நான் சிங்கப்பூர்க் கட்சி. இறுக்கமான ஒரு ஆள் வந்து பத்து வருடம் யாரையும் கேளாமல் நடத்தினால்தான் நாடு உருப்படும் என்பது என் வாதம்.

மிஸி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் மட்டும் திரும்பி, "அந்த இறுக்கமான ஆள் பிழை விட்டா ஆரிட்டைப் போய்ச் சொல்லுவியள், கிளாக்கர்?" என்று கேட்டார்.

"நல்ல ஆளாப் பாத்து வைச்சாப் பிழை விடமாட்டார், மிஸி."

"நான் கண்ட டொக்டர்மாரிலை நல்லவை எத்தினையோ பேர். நல்ல டொக்டரும் சிலவேளை மருந்தைப் பிழையா எழுதுவார். அப்ப 'ஐயா, உது பிழை' எண்டு சொல்ல ஒரு மிஸி பக்கத்திலை நிக்கோணும். சொன்னாப் பிறகு அவவின்ரை வேலையும் போகக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச அரசியல் அவ்வளவுதான்." கேனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அந்த இறுக்கமான ஆள் நாங்கள் நடந்துபோய்க் கேக்கக்கூடிய தூரத்திலை இருந்தா இன்னும் நல்லம். கொழும்புக்கு பஸ் எடுத்துப் போய்க் கேக்கேலாது" என்றும் சொன்னார். வாத்தியார் அதைத் தன் சமஷ்டிக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டு உற்சாகமாகிவிட்டார். எனக்கு அது பெரிய வாதமாகப் படவில்லை.

அந்த வருடமே இயந்திரம் பழுதாகியது. மிஸியின் தலைமையில் சங்கத்தின் நிர்வாக சபை கூடியது. யாரிடம் திருத்தக் கொடுப்பது, திருத்துவதா புதிதாக வாங்குவதா, எந்த ஒழுங்கை எவ்வளவு கொடுப்பது என்று ஒன்பது நாள் பேசினோம். பலபேர் அடித்த பாம்பு சாகாது என்பார்களே, அதை நான் கண்ணால் கண்டேன். முதல் ஆறு நாளும் என் மனைவி சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஏழாம் நாள் நாரி பிடித்து, இடுப்பை அசைக்க முடியாமல் படுத்துவிட்டாள். "உங்கடை சங்கம் இன்னும் கதைச்சு முடியேல்லையோப்பா?" என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டாள். மிச்ச நாட்களில் அந்தக் கேன்களை நான் கட்டிக்கொண்டு போனேன்.

அப்போதுதான் கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தார். சூரிய சக்தியில் ஓடும் புதிய இயந்திரம், பெரிய தண்ணீர்த் தாங்கி, எல்லாம் தன் செலவில் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. சபை வேண்டாம், தன் தம்பி முகாமையாளராக இருந்து தனியே நடத்துவார். தம்பி கெட்டவர் அல்ல. கெட்டிக்காரர், நேரம் தவறாதவர். மிஸி எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிப் பேணியை மேசையில் வைத்தார். வாக்கெடுப்புக்கு முன் ஒன்றைத்தான் கேட்டார். "எது வெண்டாலும் சரி. வருசத்துக்கு ஒருக்காப் பேணி இந்த மேசைக்கு வரோணும். செயலாளர், அதை எழுதுங்கோ." கனடாக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். யாருக்கும் அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. நானும் எழுதினேன்.

சீட்டில் சபை அல்லது முகாமையாளர் என்று ஒரு சொல்லை எழுதினால் போதும். எனக்கு மனைவியின் நாரி நினைவுக்கு வந்தது, அந்த ஒன்பது நாளும் நினைவுக்கு வந்தது. மிஸிக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்துகொண்டு, கையால் மறைத்து, அவருக்கு எதிராக எழுதினேன். மடித்துப் போட்டுவிட்டு வந்து இருந்த பிறகுதான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. பதினொரு வருடப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. 'முகாமையாளர் எனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். கூட்ட அறிக்கை எழுதுகிற மடையன் ஒருவனைத் தவிர வேறு எவனும் அப்படி எழுதமாட்டான்.

மிஸி பிளாஸ்ரரை உரித்து எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்க வாசித்தார். 'சபை' என்று இருந்ததை மட்டும் கனடாக்காரரிடம் காட்டிவிட்டு வைத்தார். தனக்கு எதிரானதைக் காட்டத் தேவையில்லை, அதை அவர் பொய்யாக வாசிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். என் சீட்டு வந்தது. தாள் மடிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எதையும் நாலாக மடிப்பவன். மிஸி அதைப் பிரித்தார். கண் முழு வரியிலும் ஓடியதைப் பார்த்தேன். "முகாமையாளர்" என்றார். அவ்வளவுதான். முன்னால் வாசித்த சீட்டுக்கும் பின்னால் வாசித்த சீட்டுக்கும் இருந்த அதே குரல். சீட்டைக் கவிழ்த்து மற்றப் பக்கத்துக் குவியலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். என் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

முகாமையாளருக்கு நாற்பத்தொன்று, சபைக்கு முப்பத்தெட்டு. நான் மாறிப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே கணக்குப் பார்த்து என்னைத் தேற்றிக்கொண்டேன். மிஸி அங்கேயே எழுந்து, இடுப்பில் செருகியிருந்த தாங்கிப் பூட்டின் திறப்பை எடுத்துத் தம்பிக்காரரின் கையில் கொடுத்தார். "வால்வு கொஞ்சம் இறுக்கம், பாத்துத் திருப்புங்கோ" என்றார். பிறகு சீட்டுகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நெருப்பு வைத்தார். என் மானமும் அந்த நெருப்பால் தப்பியது.

மறுவாரம் அறிக்கைப் புத்தகத்தை அவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். தேநீர் தந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்தார். 'முகாமையாளர் முறை எனத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வரிக்கு வந்ததும் விரல் அங்கே கொஞ்சம் நின்றது. கையெழுத்துப் போட்டார். "உங்கடை எழுத்து நல்ல வடிவு, கிளாக்கர். எங்கை கண்டாலும் தெரியும்" என்றார். பிறகு, "மனிசியின்ரை நாரி இப்ப எப்பிடி? சுடுதண்ணிப் போத்தில் ஒண்டு இருக்கு, கொண்டு போங்கோ" என்று உள்ளே போனார். அன்று எனக்கு வந்த வெட்கத்தைவிட, அந்த மனுஷியின்மேல் வந்த மரியாதை பெரிது. தனக்கு எதிராக வாக்களித்தவனின் மனைவிக்கு ஒத்தடம் கொடுத்தனுப்ப எத்தனை தலைவர்களால் முடியும்?

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் வருடம் முகாமையாளர் நன்றாகவே நடத்தினார். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், அதைப் பார்த்து மணிக்கூட்டையே திருத்தலாம். என் மனைவி கேன்களைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அந்த வருடக் கூட்டத்தில் மிஸியே எழுந்து அவரைப் பாராட்டினார். இரண்டாவது வருடம் கிழக்கு ஒழுங்கைக்காரர் ஒருவரோடு முகாமையாளருக்கு வேலிச் சண்டை வந்தது. அதன் பிறகு கிழக்கு ஒழுங்கைக்குத் தண்ணீர் கடைசியாக வந்தது. பிறகு திருத்த வேலை என்று இரண்டு நாள், நாலு நாள் என வராமலே விட்டது. யாரிடம் சொல்வது? நான் வரிசையில் நின்று விரும்பிக் கேட்ட அந்த இறுக்கமான ஆள் இப்போது என் ஊரிலேயே இருந்தார். மிஸி மட்டும் தினமும் நடந்துபோய் அவர் வாசலில் நின்று, "கிழக்காலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கு, தம்பி. இண்டைக்குத் திறந்துவிடுவியளோ?" என்று கேட்பார். சத்தம் போடமாட்டார். அடுத்த நாளும் போவார்.

அந்த வருடம் பேணி மேசைக்கு வந்தபோது முகாமையாளர் தோற்றார். அவர் கோபித்துக்கொண்டு தாங்கியைப் பூட்டிவிடுவார் என்றுதான் நாங்கள் பயந்தோம். பூட்டினால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது, இயந்திரம் அவருடைய தமையன் கொடுத்தது. அவர் எழுந்து, "மிஸி என்னட்டை எப்பிடித் தந்தவவோ, அப்பிடியே நானும் தாறன்" என்று திறப்பை மேசையில் வைத்தார். எங்கள் சங்கத்தின் யாப்பு விதிகளில் அப்படி ஒன்று இல்லை. ஒரு மனுஷி ஒருமுறை செய்து காட்டியிருந்தார், அவ்வளவுதான். மிஸி திரும்பத் தலைவராக மறுத்துவிட்டார். என்னைத் தலைவராக முன்மொழிந்தவரும் அவர்தான், பேணியும் என் வீட்டுக்கு வந்தது.

இப்போதும் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் எந்த ஆட்சி நல்லது என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் சிங்கப்பூர்க் கட்சியை விட்டு விலகிவிட்டேன். சபை ஒன்பது நாள் பேசும், எரிச்சல் வரும், நாரி பிடிக்கும். அதற்கு மருந்து பேணியைத் தூக்கி எறிவதல்ல என்பது இப்போது தெரிகிறது. தலைவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை அவர் கதிரையை விட்டு எழும்ப வேண்டிவரும் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். வடக்குக்கும் தெற்குக்கும் மலைநாட்டுக்கும் இதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் இதை இன்னும் சமஷ்டி என்றே சொல்கிறார். சொல்லட்டும்.

மிஸி போன மாரியில் காலமானார். முகாமையாளர் உட்பட ஊரே தேவாலயத்தில் நின்றது.

போன மாதம் வருடாந்தக் கூட்டம். நானே பிளாஸ்ரரை உரித்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். நான் தொடர்வதா, வேறு ஆளா என்பதே கேள்வி. பாதியில் ஒரு சீட்டு வந்தது. மகளின் பச்சைப் பேனையால், சாமான் வாங்க எனக்கு எழுதித் தருகிற அதே சரிந்த எழுத்தில் எழுதியிருந்தது: 'வேறை ஆள் வரட்டும். இவர் களைச்சுப் போனார்.' பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேறு ஆள்" என்று மட்டும் வாசித்து, சீட்டைக் கவிழ்த்து மற்றக் குவியலில் வைத்தேன். என் குரல் கொஞ்சம் தளம்பியது. அன்று மிஸிக்குத் தளம்பவில்லை.