பல்பு எரிந்த அலமாரி

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் கல்யாண வீடியோ என்றால் பத்திநாதன்தான். தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மாதா திருவிழாவை இரவல் கேமராவில் எடுத்துத் தொழில் பழகியவர். ஆளைப் பார்த்தால் கோயில் உபதேசியார் மாதிரி சாதுவாக இருப்பார். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் மட்டும் அவர் வாயில் வருவதை அந்தோனியார் கேட்காதிருக்கட்டும். கேசட்டில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரோஜாப்பூ மழை பெய்யவைத்து, சிடியாக்கிக் கொடுப்பார். அதற்கென்றே கொழும்பிலிருந்து நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார்.

வாங்கிய புதிதில் அது குதிரையாய் ஓடியது. மழைக்காலம் பிறந்ததும் படுத்துவிட்டது. படம் கொஞ்சம் ஓடும், விக்கும், அப்படியே நின்றுவிடும். அதுவும் எந்த நேரத்தில்? ராசம்மா மகளின் கல்யாணப் படம் கையில் இருக்கும்போது!

ராசம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். பெற்ற மகளின் கல்யாணத்துக்குக்கூட லீவு கொடுக்காத வீடு அது. நல்லா இருப்பார்களா? அவள் இருந்த தேயிலைத் தோட்டத்து வேலாயி சனிக்கிழமை குவைத்துக்குப் பிளேன் ஏறுகிறாள். அவளிடம் சிடியைக் கொடுத்துவிட வேண்டும். அவளை விட்டால் அந்தப் பக்கம் போக ஆள் இல்லை. ராசம்மாவின் புருஷன் அழகன் தினமும் வேலை முடிந்து கடை வாசலில் வந்து நிற்பான். ஒன்றும் கேட்க மாட்டான். கேட்டுத் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது பத்திநாதனுக்கு.

கார்டுக்கு உரிய சாப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். படத்தின் அளவைக் குறைத்தார். ரோஜா மழையை நிறுத்தினார். ஊஹூம்! மணமக்கள் பக்கத்தில் ராசம்மாவின் போட்டோவை ஒட்டிய இடம் வந்ததும், சொல்லிவைத்தாற்போல நின்றது. கடைசியில் கார்டு விற்ற கடைக்கே போன் போட்டார்.

"காத்து நல்லாப் படுதா அண்ணே? சூடேறினா கார்டு தானா வேகத்தக் குறைச்சுக்கும்" என்றான் கடைக்காரன்.

"தம்பி, இது பொகவந்தலாவ. இங்க ஆடு மாடே குளுருல நடுங்குது. சூடாம், சூடு!" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் குடியிருந்த இடத்தை இப்போது சொல்லியாக வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸை அலமாரிக்குள் பூட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பை இராப்பகலாக எரியவிடுவார்கள். லென்ஸுக்கு உள்ள மரியாதை கம்ப்யூட்டருக்கு வேண்டாமா என்று, மழை தொடங்கியதும் பெட்டியைத் தூக்கி அதே அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார் மனுஷன். திரை மட்டும் வெளியே மேசையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பல்பு பியூஸ் போனது. "இது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மனைவி மரியநாயகியைப் புதுப் பல்பு வாங்க அனுப்பிவிட்டு, அலமாரி திறந்து கிடக்க, படத்தை மறுபடி ஓட்டினார். ஓடியது. போட்டோ வரும் இடம் நெருங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது பாட்டுக்குத் தாண்டிப் போனது.

மரியநாயகி பல்போடு வந்தாள். அதை மாட்டி, பழக்க தோஷத்தில் கதவையும் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் படம் மறுபடி விக்கியது.

மரியநாயகி கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டியவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஏங்க, இதுக்குள்ள ரொட்டி சுடலாம் போல இருக்கே! இங்கயா அத வச்சிருக்கீங்க?"

பத்திநாதனும் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பெட்டியை வெளியே தூக்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டின் விசிறியில் அப்பியிருந்த தூசியைத் துடைத்து, மேசைமேல் காற்றாட வைத்தார். பிறகென்ன, ரோஜா மழையும் திரும்பப் பெய்தது. பொழுது சாயுமுன் சிடி தயார். வாசலில் வந்து நின்ற அழகன் கையில் அதைக் கொடுத்தபோது, நிறை கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கியது போல் இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அடுத்த மாதம் கடைக்குப் போன் வந்தது. ராசம்மா.

"அண்ணே, பாத்துட்டேன். ஒரு எடத்துலயும் நிக்கல. முழுசாப் பாத்தேன்."

அழுதுவிட்டாள். பத்திநாதனுக்கும் கண் கலங்கியது. அவர் ஆறுதல் சொல்ல வாயெடுக்கும் முன்னே அந்தப் பக்கம் சத்தம் ஏறியது.

"ஆமா, மாப்பிள சட்டையில பொத்தான மாத்திப் பூட்டியிருக்காரே, மணவறையச் சுத்தி அத்தன பேரு நின்னீங்களே, ஒருத்தரு கண்ணுலயும் படலியா? நா மட்டும் இருந்திருந்தா அப்பிடியே உக்கார விட்டிருப்பேனா?"

"தப்புத்தான் தங்கச்சி" என்றார் பத்திநாதன். "கல்யாணத்துக்குப் போன நாங்க யாருமே பாக்கல. நீதான் பாத்த."